"ஈ.சி.எம். போச்சு" என்று சொல்லி 18,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்: பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்றால் எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். வீட்டு வாசலுக்கே மெக்கானிக்கை அனுப்பும் ஆப்களை நம்புகிறவர்கள் முழுசாகப் படியுங்கள். (ஈ.சி.எம். என்பது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி.) ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் திடீர் திடீரென்று நின்றுபோனால் வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார். காலையில் ஒரு குறையும் இருக்காது. கே.ஆர். புரம் தொங்கு பாலத்திலோ சில்க் போர்டிலோ வெயிலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் பட்டென்று அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அடிப்பார். பின்சீட்டில் முட்டிவலியோடு அப்பா. ஓரமாகத் தள்ளி பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கேரேஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஜோராக ஓடும். "சார், வண்டி நல்லாத்தானே இருக்கு" என்பார்கள்.

வீட்டில் என்னால் முடிந்ததை எல்லாம் பார்த்திருந்தேன். பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14; இரண்டும் சரியான அளவுதான். சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகுவது கேட்டது. எர்த் வயரைக் கழற்றி, பச்சை பூத்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். கடைசியில் காரின் கோளாறுகளைப் படிக்கும் ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கிச் செருகியதும் போனில் ஒரு கோளாறுக் கோடு (code) வந்தது: பி0335. இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.எம்.-க்குச் சொல்லும் கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று அர்த்தம். அதைக் கழற்ற வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும், என்னிடம் ஜாக்கி ஸ்டாண்டு இல்லை. அதனால்தான் ஆள் கூப்பிட்டேன். ஆப்பில் பதியும்போதே "பி0335, கிராங்க் சென்சார் பார்க்கவும்" என்று எழுதினேன். விசிட் கட்டணம் 499.

வந்தவர் சீருடை, அடையாள அட்டை எல்லாம் போட்டிருந்தார். நான் போனில் வீட்டுக்காரியோடு பேசுவதைக் கேட்டுவிட்டு, "அண்ணா தமிழா? நமக்கு வாணியம்பாடி பக்கம்ணா" என்றார். காபி கொடுத்தோம். அப்பாவிடம் முட்டிவலிக்கு எண்ணெய் பேரெல்லாம் சொன்னார். வேற்றூரில் நம்ம பாஷை பேசுகிற ஒரு பையன் காருக்குக் கீழே கையை விட்டு வேலை செய்தால் யாருக்குத்தான் மனசு இளகாது? அந்த இளக்கத்தைத்தான் அவர் பணமாக்கினார்.

பெரிய ஸ்கேனர் ஒன்றைச் செருகினார். நான் கோடு நம்பரைச் சொன்னேன். "அண்ணா, அந்தச் சின்ன ஸ்கேனரை எல்லாம் நம்பாதீங்க, தப்புத்தப்பாக் காட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஏதோ பட்டனை அழுத்தினார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க, சென்சார் கோடே இல்லை" என்றார். இருக்காது! அவர்தான் அந்த நிமிஷம் அதை அழித்திருந்தார். கோடை அழித்தால், வண்டி நின்றபோது இன்ஜின் சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பதிவான விவரமும் சேர்ந்து போய்விடும். என்னிடமிருந்த ஒரே சாட்சி அது.

"ஈ.சி.எம். போச்சுண்ணா. சூடானா உள்ளே சால்டர் விட்டுடுது. புதுசு போட்டா முப்பதாயிரம் ஆகும், நம்ம ஊர்க்காரர்னு 18,500-க்கு முடிச்சுத் தரேன். பழசை எக்ஸ்சேஞ்சா நான் எடுத்துக்கிறேன்." பார்ட்ஸ் பணத்தை ஆப் வழியாக வாங்க முடியாது என்று சொல்லி, தன் போனில் இருந்த கியூஆர் கோடைக் காட்டினார். 18,500 ரூபாய். மறுநாள் வந்து மாட்டிவிட்டு, என் பழைய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஓசூர் ரோட்டில், அதே வெயில், அதே மாதிரி நின்றது.

போன் செய்தேன். "அது வேற பிரச்சினையா இருக்கும்ணா, பதினைந்து வருஷ வண்டி, ஒண்ணு மாத்தினா ஒண்ணு வரும்." அடுத்த முறை, "ஒயிட்ஃபீல்டுல வேலையா இருக்கேன், சாயங்காலம் கூப்பிடறேன்." அப்புறம் எடுப்பதே இல்லை. ஆப்பின் சாட்டில் ஆள் மாற்றி ஆள் வந்து "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு அம்மா தெளிவாகச் சொன்னார்: அவர் எங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர், எங்களுக்கு வந்தது 499 மட்டும்தான், அதை உங்கள் வாலெட்டில் போட்டுவிடுகிறோம், அடுத்த சர்வீசுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த சர்வீசா? 18,500 ரூபாய் போயிருக்கிறது, இவர்கள் எனக்குக் கூப்பன் கொடுக்கிறார்கள்!

சரி என்று நானே இறங்கினேன். ஜே.சி. ரோட்டில் ஒரு பார்ட்ஸ் கடையில் கிராங்க் சென்சார் வாங்கினேன், 1,400 ரூபாய். பக்கத்து வீட்டு அண்ணன் ஜாக்கி ஸ்டாண்டு கொடுத்தார். மாட்டிய நாளிலிருந்து வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. கழற்றிய பழைய சென்சாரைச் சமையலறை மேடையில் வைத்து மல்டிமீட்டரை மாட்டினேன்: எழுநூற்றுச் சொச்சம் ஓம். வீட்டுக்காரியின் ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். எண் மெதுவாக ஏறியது, ஏறியது, சட்டென்று காணாமல் போய் மீட்டர் 'ஓ.எல்.' காட்டியது, அதாவது இணைப்பு அறுந்துவிட்டது. ஆறவிட்டதும் மறுபடி அதே எழுநூறு. உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பி சூட்டில் விரிந்து அறுபடுகிறது, குளிர்ந்தால் ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சிக்னல் இல்லாவிட்டால் ஈ.சி.எம். தீப்பொறியும் விடாது, பெட்ரோலும் விடாது. இவ்வளவுதான் எங்கள் காருக்கு வந்த நோய்.

அப்புறம்தான் டாஷ்போர்டைக் கழற்றி அந்தப் 'புது' ஈ.சி.எம்.-ஐப் பார்த்தேன். திருகுத் தலைகள் எல்லாம் சுரண்டியிருந்தன. கனெக்டர் ஓரத்தில் செம்மண் தூசி. லேபிளுக்குக் கீழே வெள்ளை பெயிண்ட் பேனாவில் ஏதோ எண் எழுதி, யாரோ தேய்த்து அழிக்கப் பார்த்த தடம். உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்டி அது. என்னுடைய நல்ல பெட்டி இப்போது எந்த ஏமாளித் தலையில் 18,500-க்குக் கட்டப்பட்டிருக்கிறதோ! இன்னொன்று: எங்கள் இரண்டாவது சாவி இப்போது வண்டியை ஸ்டார்ட் செய்வதில்லை. ஈ.சி.எம். மாற்றினால் இரண்டு சாவியையும் அதில் பதிய வேண்டும். அவர் கையில் இருந்த ஒன்றை மட்டும் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு இன்னொருவருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். மெக்கானிக் வருவதற்கு முன்னால் ஸ்கேனர் காட்டும் கோடையும் அதோடு பதிவான விவரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். உங்களைக் கேட்காமல் யாரையும் அழிக்க விடாதீர்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றியபடி ஸ்கேனரில் ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) பாருங்கள்; பூஜ்யத்திலேயே கிடந்தால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சாரும் அதன் வயரும்தான். ஹேர் டிரையர் சோதனை சுருள் கம்பி உள்ள, கனெக்டரில் இரண்டு முனை (pin) இருக்கும் சென்சாருக்கு மட்டும்; மூன்று முனை வகையில் பெரும்பாலும் இப்படி ஓம் பார்த்துப் பலனில்லை. பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். தனியாள் கியூஆருக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 18,500 ரூபாயோடு என் பழைய ஈ.சி.எம்.-ஐயும் கேட்கப்போகிறேன். பெங்களூரில் வீட்டு வாசலில் இதே மாதிரி "ஈ.சி.எம். போச்சு" என்று யாருக்காவது சொல்லியிருந்தால் பில்லையும் பணம் அனுப்பிய ரசீதையும் எடுத்து வையுங்கள், சேர்ந்தே போடலாம்.