எக்ஸ்ப்ளோரடோரியத்தின் ‘சயின்ஸ் ஸ்நாக்ஸ்’: வீட்டில் செய்து பார்த்தால் எப்படி?

சான் பிரான்சிஸ்கோவின் அறிவியல் அருங்காட்சியகமான எக்ஸ்ப்ளோரடோரியம், பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்டு, 2021 ஜூலையில்தான் மறுபடி திறந்தது. தொட்டும் திருகியும் கற்பதற்காகவே 1969இல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய இடம் அது. அப்படிப்பட்ட கூடத்தை 360 பாகைப் படமாகத் திரையில் காட்டினால் சுற்றி வரலாம், எதையும் இயக்க முடியாது. பூட்டிய காலத்தில் உண்மையாகவே கைகொடுத்தது, பெருந்தொற்றுக்கு வெகு முன்பே அவர்கள் உருவாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருந்த ‘சயின்ஸ் ஸ்நாக்ஸ்’ தொகுப்புதான். காட்சிப்பொருள்களை எளிய பொருட்களால் சிறிய அளவில் செய்துபார்க்கும் முறைகள் இவை.

ஒவ்வொரு செய்முறையிலும் முதலில் பொருட்கள், பிறகு பொருத்தும் முறை, அடுத்து செய்து கவனிக்க வேண்டியவை, கடைசியில்தான் விளக்கம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். விளக்கம் முன்னால் வந்துவிட்டால் பிள்ளைகள் கவனிப்பதை விட்டுவிடுவார்கள்.

‘காண்டிமென்ட் டைவர்’ நல்ல தொடக்கம். கெச்சப் பாக்கெட்டை, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போட்டு மூடிவிட்டு, பாட்டிலின் பக்கங்களை அழுத்தினால் பாக்கெட் மூழ்கும், விட்டால் எழும்பும். அழுத்தும்போது பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்றுக்குமிழி சுருங்கி, மிதப்பு விசை குறைகிறது. பெரும்பாலும் சொதப்புவது பாக்கெட் தேர்வில்தான். முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பை ஒட்டி, மூழ்கும் தறுவாயில் மிதக்க வேண்டும். மூழ்கிவிட்டால் தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். உயரமாக மிதந்தால் பேப்பர் கிளிப் மாட்டுங்கள். பாட்டிலை விளிம்பு வரை நிரப்புவது அவசியம்: மேலே காற்று இருந்தால் அதுதான் முதலில் சுருங்கும், கை வலிக்க அழுத்த வேண்டியிருக்கும்.

கண்ணின் குருட்டுப்புள்ளியை, அதாவது ஒளியை உணராத சிறு பகுதியைக் காட்டும் சோதனைக்கு ஓர் அட்டையும் பேனாவும் போதும். இடப்பக்கம் கூட்டல் குறி, 7.5 செ.மீ. தள்ளி வலப்பக்கம் புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி அட்டையை அருகே கொண்டுவந்தால், ஏறக்குறைய 27 செ.மீ. தொலைவில் புள்ளி மறையும். மறையவில்லை என்றால் பார்வை புள்ளிப் பக்கம் நழுவியிருக்கும், அல்லது தவறான கண்ணை மூடியிருப்பீர்கள்.

குறை என்று சொன்னால், ஆங்கிலம் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இணையமும் வேண்டும், ஆனால் ஒருமுறை படிக்க மட்டும். ஒரு செய்முறையை ஒரே தாளில் மொழிபெயர்த்து, பொருட்களோடு உறையில் போட்டு அனுப்பும் அருங்காட்சியகம், இணைப்பே இல்லாத வீட்டுக்கும் இதைக் கொண்டுபோய்விடலாம்.