மூக்கில் ஆக்சிஜன் குழாய்: டேப்பா, காதுப் பஞ்சா, சட்டைக் கிளிப்பா?

வீட்டில் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) வாங்கினால் அதை எப்படிப் போடுவது, எத்தனை லிட்டரில் வைப்பது என்று சொல்லித் தருவார்கள். மூக்கில் மாட்டும் அந்தக் குழாய், அதாவது கேனுலாவோடு நாள் முழுக்க எப்படி இருப்பது என்று யாரும் சொல்வதில்லை. காதுக்குப் பின்னால் புண்ணாகிவிடும், தூக்கத்தில் புரண்டால் முனை கன்னத்துக்குப் போய்விடும். அம்மாவுக்காக நாங்கள் வீட்டில் எல்லா வழியையும் பார்த்துவிட்டோம், அதை வைத்துச் சொல்கிறேன்.

பலரும் முதலில் குழாயைக் கன்னத்தில் ஒட்டும் டேப்புக்குத்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி. முதலில் வேண்டியது தோள் பக்கத்தில் ஒரு கிளிப். கேனுலா குழாய் ஏழடி, அதோடு நீட்டிப்புக் குழாயையும் சேர்த்தால் வீடு முழுக்கத் தரையில் கிடக்கும். நாற்காலிக் கால் ஏறும், யாராவது மிதிப்பார்கள், அந்த இழுப்பு முழுக்கக் காதிலும் மூக்கிலும்தான் விழும். ஐடி கார்டு கிளிப் போல ஒன்றால் குழாயைச் சட்டையில் பிடித்துவிட்டால் இழுப்பு அங்கேயே நின்றுவிடும். புடவை கட்டுபவர்களுக்கு முந்தானையில் மாட்டினால் நழுவும், ரவிக்கையின் தோளில் மாட்டுங்கள். ஊக்குதான் இருக்கிறது என்றால் குழாயைச் சுற்றி ஒரு நாடா கட்டி நாடாவில் குத்துங்கள், குழாயில் குத்தினால் காற்று போய்விடும். தலையைத் திருப்பக் கொஞ்சம் தளர்வும் விட வேண்டும்.

அடுத்தது காது. குழாய் காதில் படும் இடத்தில் மாட்ட, கடையில் கிடைக்கும் ஃபோம் (பஞ்சு) உறை நல்லது, விலையும் அதிகமில்லை. மடித்த காஸ் துணியும் வேலை செய்யும், ஆனால் வேர்வையில் ஊறும் என்பதால் தினமும் மாற்றணும். கண்ணாடி போடுபவர்களுக்கு இது கட்டாயம், காம்பும் குழாயும் ஒரே இடத்தில்தான் உட்காரும். காதையே தவிர்த்துத் தலைக்குப் பின்னால் மாட்டுபவர்களும் உண்டு. பகலில் உட்கார்ந்திருக்கும்போது சரி, மல்லாந்து படுத்தால் பிடரியில் உறுத்தும். எப்படி மாட்டினாலும் தாடைக்கடியில் இருக்கும் அந்த நகரும் வளையத்தை இறுக்கிவிடாதீர்கள், இரண்டு விரல் நுழையணும்.

டேப்பை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், நழுவாமல் பிடிப்பதில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வயதானவர்கள், அதுவும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் என்றால் தோல் காகிதம் மாதிரி இருக்கும், காலையில் உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். கன்னத்தில் முதலில் ஹைட்ரோகொலாய்டு (தோலைக் காக்கும் மென்மையான ஒட்டுப் பட்டை) ஒட்டி, அதன் மேல் மைக்ரோபோர் டேப் போட்டால் தோல் தப்பிக்கும், செலவு கூடும். தாடி வைத்தவர்களுக்கு டேப் நிற்காது, விட்டுவிடுங்கள்.

சிலிகான் கேனுலா? மென்மைதான், கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் நாள்பட்டுக் கெட்டியாகிப்போன சாதாரண கேனுலாவைப் போட்டுக்கொண்டு வலிக்கிறது என்பவர்கள் முதலில் அதை மாற்றிப் பார்க்கணும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. முனை வளைந்த வகை என்றால் வளைவு கீழ்நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள், தலைகீழாக மாட்டினால் எந்தக் கேனுலாவும் குத்தத்தான் செய்யும்.

மூக்கு காய்ந்து எரிகிறது என்று வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டாம், ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பிடிக்கும். தண்ணீரில் கரையும் ஜெல் அல்லது சலைன் சொட்டு போதும். கேனுலாவோடு அடுப்புப் பக்கமும் பூஜை விளக்குப் பக்கமும் போகவே கூடாது.

காதுக்குப் பின்னால் தினமும் ஒருமுறை பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது, அதனால் தொட்டுப் பார்க்கணும்: சூடாக, கெட்டியாக இருந்தாலோ, தொட்டால் வலித்தாலோ, பஞ்சை இன்னும் தடிமனாக்கிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.