வெப்பக்காற்றா, ஹீலியமா?

பொங்கலையொட்டிப் பொள்ளாச்சியில் எழும்பும் வெப்பக்காற்றுப் பலூனும், கோவைக் கடைவீதியில் நூலில் ஆடும் ஹீலியம் பலூனும் ஆர்க்கிமிடீஸின் ஒரே விதிப்படிதான் மிதக்கின்றன. விலக்கப்படும் காற்றின் எடையைவிடப் பலூனின் மொத்த எடை குறைவாக இருக்கும்வரை அது மேலேறும்.

தூக்கும் திறனில் மட்டும் இரண்டும் நிகரல்ல. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோ, அதை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.95 கிலோவாகக் குறைவதால், கிடைக்கும் தூக்குதிறன் கால் கிலோதான். அப்பலூன்கள் அத்தனை பெரிதாக இருப்பதற்கும், குளிர்ந்த, காற்று அடங்கிய விடியற்காலையை நாடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஒரு கன மீட்டர் ஹீலியத்தின் நிறை 0.17 கிலோவே என்பதால், அது ஒரு கிலோவைத் தூக்கிவிடும்.

ஆயினும் ஹீலியம் விலை மிகுந்தது. ரப்பரின் வழியே கசிந்தும் போகும். ஆட்களை ஏற்றிச் செல்ல, பர்னரின் சுடரைக் கூட்டியும் குறைத்துமே ஏறி இறங்க இடந்தரும் வெப்பக்காற்றையே நான் தேர்வேன்.