ஃபோல்ட்ஸ்கோப்: நான்காம் வகுப்புக்கு ஒரு காகித நுண்ணோக்கி

விஞ்ஞானி மனு பிரகாஷ் குழுவினர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மடித்துச் சேர்க்கவே ஒரு பாடவேளை போய்விடும். பார்ப்பதை மறுநாளுக்கு வையுங்கள்.

முதல் பாடத்துக்கு வெங்காயமே போதும். செதிலின் உட்புறச் சவ்வை நகத்தால் உரித்து, விரல்நகம் அளவு துண்டைக் கண்ணாடி ஸ்லைடில் (மாதிரியை வைத்துப் பார்க்கும் தட்டையான தகடு) மடிப்பில்லாமல் விரித்து, ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடவும். அதை மூடும் மெல்லிய தகடான கவர் சிலிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும். தொப்பென்று வைத்தால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும்; அந்தக் கறுப்பு வளையத்தையே பிள்ளைகள் செல் என்று வரைந்துவிடுவார்கள். சரியாக அமைந்தால் செங்கல் சுவர் மாதிரி செல்கள் வரிசைகட்டி நிற்கும், அவ்வளவு அழகு!

லென்ஸ் மிகச் சிறியது என்பதுதான் சிரமம். இமை முட்டும் அளவுக்குக் கண்ணருகே பிடிக்காவிட்டால் ஒன்றும் தெரியாது. வெளிச்சமான ஜன்னல் பக்கம் பார்க்கட்டும். சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது.