பாதாமி, ஐஹொளெ, பட்டடக்கல்: அரசுப் பேருந்தை நம்பிப் போகலாமா?

பட்டடக்கல்லுக்கு மட்டும் என்றால் தாராளமாக நம்பலாம். ஐஹொளெயையும் அதே நாளில் பார்ப்பதென்றால், எந்த ஊருக்கு முதலில் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த நாளே அமையும்.

மூன்றும் சாளுக்கியர் காலக் கோயில்கள் நிறைந்த ஊர்கள். வடகர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில் இருக்கிறது பாதாமி, நம் வாதாபி. சென்னையிலிருந்து ரயிலில் ஹுப்பள்ளிக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம். பெங்களூரிலிருந்து கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் பாதாமி ரயில் நிலையத்திலேயே நிற்கும். நிலையம் ஊருக்கு வெளியே ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். இங்கே ஓடுபவை வடமேற்குக் கர்நாடக சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள்.

பாதாமியிலிருந்து பட்டடக்கல் 22 கிலோமீட்டர், ஐஹொளெ சுமார் 35. பட்டடக்கல்தான் அருகில், பெயரும் பெரியது, 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அதனால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் முதலில் போகிறார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. மதியம் பட்டடக்கல்லை முடித்து ஐஹொளெ பேருந்துக்குக் காத்திருந்து, வெயில் சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, திரும்பப் பேருந்து இல்லாமல் கேட்ட காசுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியதாகிறது. ஐஹொளெக்குப் பேருந்துகள் குறைவு, மதியத்துக்கு மேல் இன்னும் குறைவு. பட்டடக்கல்லிலிருந்து பாதாமிக்கோ அடிக்கடி வண்டி உண்டு. எனவே காலையின் முதல் பேருந்தில் ஐஹொளெ, அங்கிருந்து மதியம் பட்டடக்கல், மாலையில் பாதாமி. இந்த வரிசையில் இழப்பது ஒன்றே ஒன்று: பட்டடக்கல்லின் விருபாட்சர் கோயில் கிழக்கு நோக்கியது, அதன் முகப்பில் காலை வெளிச்சம் விழும் அழகு கிடைக்காது. அது வேண்டுமென்றால் பட்டடக்கல்லுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவதே நல்லது.

முந்தின மாலையே பாதாமி பேருந்து நிலையத்து விசாரணை அறையில் இரண்டு நேரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: ஐஹொளெக்குக் காலை முதல் வண்டி, பட்டடக்கல்லிலிருந்து கடைசி வண்டி. 'எஷ்டு கண்டெகெ?' என்றால் 'எத்தனை மணிக்கு?' ஐஹொளெயில் இறங்கியதும் பட்டடக்கல் வண்டியின் நேரத்தை நடத்துநரிடம் மறுபடி கேளுங்கள். உள்ளூர்க்காரர்கள் 'ஐவள்ளி', 'பட்டதகல்லு' என்பார்கள். அந்தப் பெயர்களும் காதில் இருக்கட்டும். பலகைகள் பெரும்பாலும் கன்னடத்தில் மட்டுமே. மூன்று ஊர்ப் பெயர்களையும் கன்னட எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்தால் பலகையோடு ஒப்பிட்டுவிடலாம்.

சில்லறை அவசியம். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் இல்லாவிட்டால், நடத்துநர் மீதித் தொகையைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதித் தருவார். இறங்குமுன் கேட்டு வாங்குங்கள், சீட்டைத் தொலைத்தால் மீதியும் போச்சு. 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தின் இலவசப் பயணம் கர்நாடகப் பெண்களுக்கு மட்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் சீட்டு எடுத்தாக வேண்டும்.

ஐஹொளெக்கு மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். துர்க்கா கோயில் வளாகத்துக்குக் கட்டணம் உண்டு. ராவணபடி குகையும் மேகுதிக் குன்றும் சற்றுத் தள்ளி இருப்பவை, நடக்க வேண்டும். மேகுதியில் இருப்பது புலவர் ரவிகீர்த்தி பாடிய 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் புகழைச் சொல்வது. தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் ஊரும் இதுதான். இவ்வளவு இருந்தும் சாப்பாட்டுக் கடைகள் மிகக் குறைவு. பாதாமியிலேயே பொட்டலம் கட்டிக்கொண்டு புறப்படுங்கள், தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். வெள்ளிக்கிழமை தொல்லியல் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

பட்டடக்கல்லுக்கு இரண்டு மணி நேரம் போதும், அதில் பாதியை விருபாட்சருக்குக் கொடுங்கள். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக அவன் அரசி லோகமாதேவி எட்டாம் நூற்றாண்டில் எழுப்பியது. காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்தவர்களுக்கு இந்த விமானம் அந்நியமாகத் தோன்றாது. வென்ற மன்னன் காஞ்சிக் கோயிலின் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

பாதாமிக் குகைகளுக்குப் பேருந்து வேண்டாம், பேருந்து நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. நான்கு குகைகளில் மூன்றாவதற்கு அதிக நேரம் கொடுங்கள். 578இல், முதலாம் கீர்த்திவர்மனின் ஆட்சியில், அவன் தம்பி மங்களேசன் முடித்தது. குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும், தின்பண்டப் பையோடு படியேறாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கானாவளி எனப்படும் உணவகங்களில் ஜோளத ரொட்டியும் (சோள ரொட்டி) எண்ணெய்க் கத்தரிக்காயும் கேளுங்கள். ஐந்து கிலோமீட்டரில் உள்ள பனசங்கரி கோயிலுக்குப் போனால், கூடையில் ரொட்டியும் சட்டியில் தயிரும் விற்கும் பெண்களிடமே வாங்கிச் சாப்பிடலாம்.

பட்டடக்கல்லிலிருந்து ஐந்து மணிக்குள் திரும்பிவிட்டால் பாதாமியின் அகத்திய தீர்த்த ஏரிக்கரைக்கு நடந்துவிடுங்கள். ஏரியின் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி நிற்கும் பூதநாதர் கோயிலில் அந்நேரத்து வெயில் நேராக விழும்.