வேலூர்ப் பக்கம் வீட்டு வைஃபை: எது போச்சு, எதை வாங்குவது

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்ததும் காதில் விழும் முதல் புகார் பெரும்பாலும் 'நெட்டே வர்றதில்லப்பா' என்பதுதான். நேரே பஜாருக்குப் போய்ப் புது ரவுட்டர் வாங்கி வருவதுதான் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. போனது எது என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும்.

ஃபைபர் வந்த வீடுகளில் இரண்டு வேலை நடக்கிறது. ஃபைபரில் வரும் ஒளியை நெட்டாக மாற்றுவது ஓஎன்டி. ஊரில் எல்லோரும் அதை மோடம் என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த நெட்டை வீடு முழுக்க வைஃபையாகப் பரப்புவது ரவுட்டர். சில வீடுகளில் இரண்டும் ஒரே டப்பா. மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே உள்ளே வரவில்லை என்று அர்த்தம். எந்த ரவுட்டர் வாங்கினாலும் நெட் வராது, லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். அணில் கடித்திருக்கும், தென்னமட்டை விழுந்து ஒயர் அறுந்திருக்கும், இல்லையென்றால் பீரோவை நகர்த்தும்போது ஃபைபர் மடங்கியிருக்கும்.

சிவப்பு இல்லாமல் நெட் விட்டு விட்டு வந்தால், மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர், அதாவது உள்ளே வரும் ஒளியின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். மைனஸ் 15-லிருந்து 25 டிபிஎம் வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29 என்று போனால் ஒளி போதவில்லை. பச்சைத் தலை கனெக்டர் போட வேண்டிய இடத்தில் நீலத் தலை போட்டாலும் இதே கதைதான். பச்சையின் முனை சாய்வாகவும் நீலத்தின் முனை நேராகவும் தீட்டப்பட்டவை. கலந்து போட்டால் ஒளி வீணாகும்.

அடுத்து அடாப்டர். ரவுட்டரை விட அடாப்டர் சாவதுதான் அதிகம். விளக்கெல்லாம் எரியும், ஆனால் நாலு பேர் போனை இணைத்ததும் ரவுட்டர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். உள்ளே கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டால் இப்படித்தான். மல்டிமீட்டரில் சும்மா வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். லோடு ஏறும்போதுதான் இறங்கும். அதனால் அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் உள்ள வேறொரு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் செலவு சில நூறு ரூபாயோடு முடிந்தது.

ஒரே நாளில் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், எல்இடி பல்பு எல்லாம் சேர்ந்து போயிருந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் நியூட்ரல் கட். கம்பத்திலோ சர்வீஸ் லைனிலோ நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 300-க்கு மேல்கூட ஏறிவிடும். அதைச் சரிபார்க்காமல் புது ரவுட்டரை மாட்டினால் அதுவும் எரியும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் கொடுத்து, லைனைப் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

இத்தனையும் பார்த்து, போனது ரவுட்டர்தான் என்று உறுதியானால், அங்கிருந்து கொண்டு வரலாமா, இங்கேயே வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. இங்கேயே வாங்குங்கள். அமெரிக்காவில் கேபிள் கம்பெனி கொடுத்த மோடம்-ரவுட்டர் கலவை இங்கே ஃபைபர் லைனுக்கு உதவாது. தனி ரவுட்டராக இருந்தால் வேலை செய்யும். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் பின் மாற்றி போதும். வெறும் 120 வோல்ட் மட்டும் போட்டிருக்கும் பழைய அடாப்டரைச் சொருகினால் அந்த நொடியே புகைந்துவிடும். எப்படியும் அங்கே வாங்கிய பொருளுக்கு இங்கே வாரண்டி கிடைப்பது அரிது, ரிப்பேர் என்றால் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்?

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஆன்டெனா எத்தனை என்பதில்லை. 'அண்ணா, இதுல போர்ட் ஜிகாபிட்டா?' என்று கேளுங்கள், அதாவது 1,000 எம்பிபிஎஸ் தாங்குமா என்று. 1,200 எம்பிபிஎஸ், டூயல் பேண்ட் (2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை) என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் சிலவற்றில் பின்னால் உள்ள போர்ட் 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு 94-க்கு மேல் வேகம் வராமல், லைன்மேனைத் திட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. டிபி-லிங்க்கில் ஆர்ச்சர் சி50-க்கு 100 எம்பிபிஎஸ் போர்ட், சி6-க்கு ஜிகாபிட் போர்ட். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிளான் 100-க்கு உள்ளேதான் என்றால் சின்னவரே போதும். போன்கள் புதிதாக இருந்தால் வைஃபை 6 ரவுட்டருக்குப் போகலாம். பெரியவர்கள் இருவரும் ஒரு டிவியும் மட்டும் என்றால் அந்தக் கூடுதல் பணத்தை கேபிளில் போடுவது புத்திசாலித்தனம்.

ஏன் கேபிள் என்றால், 9 அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கொன்றுவிடும். கீழே ஹாலில் ரவுட்டர், மேல் மாடியில் படுக்கையறை என்றால் ஆறு ஆன்டெனா ரவுட்டரும் தோற்கும். வெளிச்சுவர் வழியாக ஒரு கேட்-6 நெட் கேபிள் இழுத்து, மேலே இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் பரப்பும் மோட்) வைப்பதுதான் நிலையான தீர்வு. அந்த மோட் இல்லாத பழைய ரவுட்டர் என்றால் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) ஆஃப் செய்து, ஐபி முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை, வழக்கமாக நெட் உள்ளே வரும் வான் போர்ட்டில் இல்லாமல், சாதனங்களை இணைக்கும் லான் போர்ட்டில் சொருகுங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே பெயரில், பாதி விலைக்கு விற்கிறது. சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வெயிலூரில் மாடி வெயிலில் கிடக்கப்போகும் கேபிள், வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை உள்ளதாக இருக்கட்டும்.

இனி பேக்கப். ரவுட்டரை வாங்கும்போதே, கரண்ட் போனாலும் அதை ஓட்டும் சின்ன பேட்டரிப் பெட்டியான மினி யுபிஎஸ்ஸையும் ஜோடி பார்த்து வாங்குவது நல்லது, பொருந்தவில்லையென்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். மோடம், ரவுட்டர் இரண்டின் அடிப்பக்க ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். பல பெட்டிகள் 12 வோல்ட், சில 9. ஆம்பியர் இரண்டையும் கூட்டுங்கள்: 1-ம் 1-ம் என்றால் 2 ஆம்பியர் தரும் யுபிஎஸ் வேண்டும். பின் சைஸில் 5.5 × 2.1 மில்லிமீட்டர், 5.5 × 2.5 என்று இரண்டு உண்டு. 2.1 பின் இருக்கும் ரவுட்டரில் 2.5 பிளக் நுழையும், ஆனால் லூசாக ஆடி, கை பட்டாலே ரீஸ்டார்ட் ஆகும். இந்த ஒரு கோளாறுக்காக 'யுபிஎஸ் டூப்ளிகேட்' என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் நிறைய.

பெட்டியில் 8,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8 × 3.7 என்றால் 29.6 வாட்-மணி. 12 வோல்ட்டாக ஏற்றுவதில் கொஞ்சம் போக 25 மிஞ்சும். மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரம். சின்னச் சின்ன கட்டுக்கு இது தாராளம். காலை 9 மணிக்குப் போய் மாலையில் வரும் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டுக்கு இது காணாது. லித்தியம் செல்லுக்கு வெப்பம் ஆகாது என்பதால் டிவிக்குப் பின்னாலும் ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டும் ஊர் இது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்? முதலில் ரவுட்டர் இருக்கும் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரீசியன்கள் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும் லைன் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். இருந்தும் ஒவ்வொரு கட்டுக்கும் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள்; அதில் பேட்டரிக்கு மாறும் நேரம் குறைவு. ஆனால் கிராமத்து லைனில் வோல்டேஜ் 180-க்கு அருகில் இறங்கும் வீடுகளில் அந்த மோட் ஆகாது, கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குத் தாவித் தாவி அதைக் காலி செய்துவிடும். அங்கே சாதா மோடிலேயே விட்டு, ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யுபிஎஸ்.

இன்னொன்று. நம் வீட்டில் எத்தனை பேக்கப் வைத்தாலும் ஆபரேட்டர் பக்கம் கரண்ட் வேண்டும். ஃபைபர் நேரே வீட்டுக்குள் வந்தால் நடுவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை, அவர்கள் ஆபீஸில் இருந்தால் போதும். கம்பத்திலிருந்து லான் ஒயராக வந்தால், பக்கத்து வீட்டு மாடியில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சுவிட்ச் பெட்டி உட்கார்ந்திருக்கும். தெருவுக்குக் கரண்ட் போனால் அதுவும் போகும். ராஜா இல்லாத கோட்டை, தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்களே, அந்த வரிசையில் நெட் இல்லாத ஃபுல் சிக்னல் வைஃபையும் சேரும். 'தம்பி, ஏரியா கரண்ட் போனா உங்க பக்கம் எவ்ளோ நேரம் தாங்கும்?' என்று கேட்டுவிட்டு யுபிஎஸ் வாங்குங்கள்.

லைன்மேன் தம்பிகளின் சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. வாட்ஸ்அப்பில் சிவப்பு விளக்கைப் படமெடுத்து அனுப்பினால், 'நெட் வரல' என்று போனில் சொல்வதைவிடச் சீக்கிரம் வருகிறார்கள். பல ஆபரேட்டர்கள் பழைய ரவுட்டரின் மேக் அட்ரஸை, அதாவது அதன் அடையாள எண்ணை, பூட்டி வைத்திருப்பார்கள். புதியதை அனுப்பி மாற்றச் சொல்லுங்கள். நெட் இணைப்புக்குள் நுழையத் தேவைப்படும் பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டு எழுதி வையுங்கள். கடைகளில்தான் பில்லுக்கு முகம் சுளிப்பார்கள். சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாரண்டி நடக்காது, விடாதீர்கள்.

புது ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் போடுங்கள். டிவி, கேமரா, அம்மாவின் போன் எல்லாம் தானே இணைந்துகொள்ளும். பழைய பாஸ்வேர்டு 12345678 மாதிரி இருந்தால் மட்டும் மாற்றிவிட்டு எல்லாவற்றிலும் ஒருமுறை போட்டுவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், அதை ஆஃப் செய்யாதீர்கள். பாதுகாப்பை, வைஃபை பூட்டின் புதிய வகையான டபிள்யுபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய சாதனங்கள் சேராது. 2-ம் 3-ம் கலந்த மோட் போதும். ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள்.

புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே மெயினை இறக்கிவிட்டு, வீடியோ கால் போட்டபடி அரை மணி நேரம் பாருங்கள். கால் அறுந்தால் கடைக்குப் போய் மாற்ற நேரம் இருக்கும்.