சூட்டோடு சூடாகப் பேசுவதா, ஆறப்போட்டுப் பேசுவதா?

சண்டை வந்தால் அங்கேயே பேசி முடித்துவிடுகிற ஆளாகத்தான் வெகுகாலம் இருந்தேன். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன். இரண்டு வருடமாக அலுவலகத்திலும் வீட்டிலும் ஆறப்போட்டுப் பேசுகிற கட்சிக்கு மாறிவிட்டேன். அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

உடனே பேசுவதன் லாபம் தெரிந்ததுதான். விஷயம் மறக்காது, ராத்திரித் தூக்கம் கெடாது. சின்ன உரசல்களுக்கு இன்றும் இதுதான் என் வழி. கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவரிடம் சொல்ல நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை.

கோபம் ஏறிவிட்டால் கதை வேறு. ஒருமுறை நான் தயாரித்த அறிக்கையைச் சக ஊழியர் ஒருவர் என்னைக் கேட்காமல் திருத்தி மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டார். ஆறு பேர் முன்னால் அப்போதே கேட்டேன். வாதத்தில் ஜெயித்ததும் நான்தான். அதன்பின் நான்கு மாதம் அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை. எல்லாம் மின்னஞ்சல், ஒவ்வொன்றிலும் மேலதிகாரிக்கு ஒரு பிரதி. ஐந்து நிமிட வெற்றிக்கு இது ரொம்ப அதிக விலை.

தம்பதிகளின் சண்டைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் இதற்கு உடலிலேயே காரணம் காட்டுகிறார். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரே இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது. உடல் அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். அவருடைய ஆய்வுக்கூடத்தில், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிச் சண்டையை நடுவில் நிறுத்தி, தம்பதிகளை அரை மணி நேரம் பத்திரிகை படிக்க வைத்தார்கள். மறுபடி பேச உட்கார்ந்தபோது துடிப்பும் இறங்கியிருந்தது, பேச்சும் பக்குவமாக இருந்தது. இத்தனைக்கும் இடையில் யாரும் புத்திமதி சொல்லவில்லை.

ஆனால் ஆறப்போடுவதற்கும் ஊறப்போடுவதற்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். என் முதல் சில மாதங்கள் ஊறப்போட்டதில்தான் போயின. "அப்புறம் பேசலாம்" என்று எழுந்து போவேன். அந்த அப்புறம் வரவே வராது. "பேச்சை நிறுத்த நல்ல வழி கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

எழுந்து போகிறவர் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனை அதற்குப் பிறகு வந்தது. "அப்புறம்" கிடையாது, "ராத்திரி ஒன்பது மணிக்கு". அலுவலகத்தில் "நாளைக் காலை பத்தரைக்கு, நாம் இரண்டு பேர் மட்டும்". ஒரு நாளைத் தாண்டக் கூடாது. என் கணக்கில் இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் தெரிந்தால் எதிராளி காத்திருப்பார். தெரியாவிட்டால் அதே மௌனம் அவருக்குத் தண்டனை. சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் இன்னும் மோசம். ஒரு நாள் ஒன்பது மணிக்கு நான் தூங்கிப்போனேன். மறுநாள் பழைய சண்டை பின்னால் போய், தூங்கியது முன்னால் வந்துவிட்டது.

பராமரிப்புச் செலவு என்று பார்த்தால் இது லேசான முறை இல்லை. ஒவ்வொரு முறையும் நேரம் குறிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வந்து உட்கார வேண்டும். தம்பதிகளின் பிரச்சினைகளில் 69 சதவீதம் நிரந்தரமாகத் திரும்பத் திரும்ப வருபவை என்பது காட்மனின் கணக்கு. திரும்பி வரப்போகிற சண்டைக்கு ஒருமுறை ஜெயித்து என்ன ஆகப்போகிறது?

ஆறுகிற நேரத்தில் நான் யோசிப்பது, இதில் எனக்கு எது வலித்தது என்பதை மட்டும். யார் சரி என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தால் சூடு இறங்காது. அமெரிக்க நிர்வாகச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925-இல் சொன்ன, நூலகத்தில் அவருக்கே நடந்த உதாரணம் இங்கே பொருந்தும். ஒரு சிறிய அறையில் இன்னொருவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், ஃபாலெட் மூடச் சொன்னார். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். மற்றவருக்குக் காற்று வேண்டியிருந்தது. ஃபாலெட்டுக்கு வாடைக்காற்று நேராக மேலே படக் கூடாது, அவ்வளவுதான். என் வீட்டு ஜன்னல் ஞாயிற்றுக்கிழமை. என்னைக் கேட்காமல் மனைவி உறவினர்களுக்கு வருவதாகச் சொல்லிவிடுவார். ஆறிய பிறகுதான் புரிந்தது: போவதில் எனக்குக் கஷ்டமே இல்லை, கேட்காததுதான் கஷ்டம். அறிக்கைச் சண்டையும் அதுவேதான். இப்போது உறவினர்களிடம் ஒத்துக்கொள்ளும் முன் மனைவியிடமிருந்து எனக்கு ஒரு போன் வருகிறது.

எழுதி அனுப்புவது என்று மூன்றாவது வழி இருக்கிறது. எழுத்தில் குரல் கேட்காது என்பதால், நேரம் குறிக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். நடுவில் ஒருவரை உட்கார வைத்தது ஒரே ஒருமுறை. அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் சொன்னதெல்லாம் சமநிலையில் இருப்பவர்களோடு நடந்தது. சம்பளத்தைத் தீர்மானிக்கிறவரிடம் "நாளை பத்தரை" எடுபடுமா என்று சோதித்ததில்லை. மிரட்டலோ அவமானப்படுத்துவதோ தொடர்கிற இடத்தில் ஆறப்போடுவது தப்பு. தேதியோடு குறித்து வைத்துக்கொண்டு மேலே புகார் கொடுப்பதுதான் சரி.

போன மாதம் அதே சக ஊழியர் இன்னொரு கோப்பில் கை வைத்தார். மறுநாள் பத்தரைக்கு உட்கார்ந்தோம். "கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் சொல்லியிருப்பேன்.